பயிர் நோய்ப் பிரிவில் என் கவிதை

சனிக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலை. என் புத்தகத்தைப் போய்ப் பாத்துட்டு, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

என் கவிதைத் தொகுப்போட பேரு 'வேரழுகல்'. சமூகத்தோட வேரே அழுகிப்போச்சுன்னு சொல்றேனாம். பேர் வைக்கும்போது எனக்கே புல்லரிச்சுது. கண்டிப் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் இருக்கு. அதோட நூலகத்துக்கு ஒரு பிரதியைத் தபால்ல அனுப்பியிருந்தேன். போன வாரம் அவங்க முகநூல் பக்கத்துல 'செய்திகளும் புதிய நூல் வரவுகளும்'னு ஒரு படம் போட்டாங்க. கடைசி வரிசை மூலையில, யாரோ ஒருத்தரோட பெருவிரலுக்குப் பின்னால, பாதி தெரிஞ்சும் தெரியாம என் புத்தகம்!

அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினேன்னு கேக்காதீங்க. பால்காரருக்கும் அனுப்பினேன்.

கிளம்பும்போது மனைவி மெர்சி கேட்டா: "உங்க புத்தகத்தைப் பாக்க நீங்களே பஸ் ஏறிப் போறீங்களா? கட்டிலுக்குக் கீழ ரெண்டு பெட்டி நிறைய இருக்கே, குனிஞ்சா தெரியும்."

இலக்கியம் தெரியாத வீட்டுல வாழ்க்கைப்பட்டது என் தலையெழுத்து.

போட்டோவுக்குன்னு வெள்ளை ஜிப்பா போட்டிருந்தேன். நாவலப்பிட்டியில ஏறினப்போ சலவை மடிப்பு அப்படியே நின்னுச்சு. கம்பளை வந்தப்போ மடிப்பு இல்ல. கெலிஓயா வந்தப்போ ஒரு பட்டனும் இல்ல.

நூலகத்துல கவுண்டர்ல ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் இருந்தாங்க. சிவகௌரின்னு பேர்ப்பலகை. "புது வரவு எங்க மிஸ் இருக்கு?"ன்னு கேட்டேன்.

"அந்தக் கண்ணாடி அலுமாரி. பாருங்கோ. தொடாதேங்கோ. பூட்டித்தான் கிடக்கு, எண்டாலும் தொடாதேங்கோ."

பாத்தேன். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு. என் புத்தகம் இல்ல! குனிஞ்சு பாத்தேன், எட்டிப் பாத்தேன். ஜிப்பா வேர்வையில முதுகோட ஒட்டிக்கிச்சு.

"மிஸ், 'வேரழுகல்'னு ஒண்ணு..."

அவங்க கம்ப்யூட்டர்ல தட்டினாங்க. "ஓம், அது இரவல் போயிட்டுது. இன்னும் மூண்டு பிள்ளையள் பதிஞ்சுபோட்டு நிக்கினம்."

மக்களே, நான் அப்படியே கதிரையில உக்காந்துட்டேன். என் கவிதைக்கு வரிசை! சொந்தத் தம்பிக்குச் சும்மா குடுத்தே அவன் இன்னும் திறக்கல. இங்க முன்பின் தெரியாத மூணு பேர் பதிஞ்சு வச்சிட்டுக் காத்திருக்காங்க! அங்கேயே போனை எடுத்து, 'இளைய தலைமுறை கவிதையைத் தேடத் தொடங்கிவிட்டது'ன்னு முகநூல்ல போட்டேன். கண்ணு லேசா கலங்குச்சு.

அப்பத்தான் மிஸ் சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க: "விவசாயப் பிரிவில தமிழில கிடக்கிறது அது ஒண்டுதானே சேர். அதாலதான் பிள்ளையள் அடிபடுதுகள்."

"விவசாயமா?"

"வேரழுகல் எண்டுதானே பேர்? பயிர் நோய். மிளகுக்கும் வாறது."

"மிஸ், அது கவிதை! உள்ள திறந்து பாக்கலையா?"

"அட்டையைப் பாத்தனாங்கள். வேர்ப் படம் கிடந்தது. பின்னட்டையையும் வாசிச்சனாங்கள். 'நம் மண்ணைப் பீடித்த நோயைக் கண்டறிந்து, மருந்தும் சொல்லும் நூல்' எண்டு போட்டிருக்கு. வேற எங்க வைக்கிறது?"

அந்தப் பின்னட்டை வாசகம் என் நண்பர் பேர்ல வந்தது. எழுதினது நான்.

"சரி மிஸ், இப்பவாவது இலக்கியப் பிரிவுக்கு மாத்திடுங்க."

"மாத்தலாம். ஆனா அங்க ஒருத்தரும் போறேல்லை சேர். போன கிழமை லைட் போட மறந்திட்டம், ஆரும் வந்து கேக்கவும் இல்லை."

இங்க ஒரு மானமுள்ள கவிஞன் என்ன செய்வான்? 'கவிதை கவிதையோட இருக்கட்டும்'னு சொல்வான். நான் வரிசையில நிக்கிற மூணு பேரை நினைச்சேன். இருட்டுல கிடக்கிற இலக்கியப் பிரிவை நினைச்சேன்.

"பரவாயில்ல மிஸ், விவசாயத்துலேயே இருக்கட்டும்"னு சொல்லிட்டேன்.

சொல்லி வாய் மூடல, மிஸ் வாசலைக் காட்டினாங்க. "அந்தா, புத்தகத்தை எடுத்த பிள்ளை வாறா."

பர்தா போட்ட ஒரு மாணவி வேகமா வந்து, என் புத்தகத்தைக் கவுண்டர்ல டப்புனு வச்சுது. "மிஸ், இத எழுதினவர் ஆரு? எங்க ஈக்கார்?"

வாசகி! ஆவேசமான வாசகி! ஜிப்பாவை இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சேன். "நான்தாம்மா." பேனாவையும் எடுத்துட்டேன்.

"நீங்களா? நில்லுங்க சேர்." உடனே போன் போட்டுது. "வாப்பா, புத்தகக்காரர் இங்கதான் ஈக்கார். இந்தாங்க, நீங்களே பேசுங்க." போன் என் கையில. "அக்குறணையில எங்க வாப்பாக்கு ஹார்ட்வெயார் கடை. வீட்டுக்குப் பொறகால மிளகுக் கொடி போட்டீக்கி. அதுல நோய். அதான் இந்தப் புத்தகத்த எடுத்துட்டுப் போய்க் குடுத்தன்"னு பக்கத்துல நின்னு சொல்லுது. எனக்கு எதுவும் மண்டையில ஏறல. நான் வாசகர் சந்திப்பு மனநிலையில இருந்தேன்.

"மாஸ்டர்," ஒரு கனத்த குரல். "'வேருக்கு உப்பிடு' எண்டு எழுதினது நீங்கதானே?"

என் தலைசிறந்த கவிதை! 'வேருக்கு உப்பிடு! அழுகியது அழட்டும், மீதி எழட்டும்!' மேடையில வாசிச்சா கடைசி வரிக்கு நானே கை தட்டிடுவேன்.

"ஆமா முதலாளி! அந்த வரி உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"போட்டன்."

"என்னத்தை?"

"உப்ப."

"எதுல?"

"வேருலதான். நீங்க சென்ன மாதிரியே. கொடி கருகி மவுத்தாப் போச்சு மாஸ்டர்."

"முதலாளி, அது வந்து... உப்புன்னா உப்பு இல்ல. கண்ணீர். ஒரு குறியீடு."

"குறியீடா? எத்தின கிலோ எண்டு ஒரு எடத்துலயும் குறிக்கல்லையே! நானா ஒரு அளவு பாத்துத்தானே போட்டன்!"

"இல்ல முதலாளி, கவிதையில..."

"கண்ணீர் எண்டா கண்ணீர் எண்டு எழுதணும். உப்பு எண்டு ஏன் எழுதுற?"

பேனாவை மூடி ஜிப்பா பையில வச்சேன்.

"அங்கயே நில்லுங்க. வேன்ல கிட்டத்துலதான் ஈக்கிறன். வாரன்"னு போனை வச்சிட்டார்.

நான் ஏன் நிக்கணும்? "மிஸ், எனக்குக் கண்டியில ஒரு அவசர வேலை"ன்னு சொல்லிட்டு வாசலுக்குப் பாஞ்சேன். வாசல்ல செக்யூரிட்டி. பையைத் திறந்து காட்டச் சொல்லிச் சிங்களத்துல கேட்டார். காட்டினேன். உள்ள அஞ்சு 'வேரழுகல்'! வாசகர்கள் சூழ்ந்துட்டா கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்னு வீட்டுலேருந்து கொண்டுபோனது.

"இது நூலகப் புத்தகம்தானே?"ன்னார்.

"இல்ல, என்னோடது. நான் எழுதினது. பின்னால என் போட்டோகூட இருக்கு பாருங்க."

அவர் போட்டோவைப் பாத்தார். என்னைப் பாத்தார். திரும்பப் போட்டோவைப் பாத்தார். அது நான் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. தலை நிறைய முடி.

"இது மாத்தயா இல்ல"ன்னார், ரொம்ப மரியாதையா.

அடையாள அட்டையைத் தேடி எடுத்து, என் பேரை அவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லி, மிஸ் வந்து "இவற்ற புத்தகம்தான்"னு சாட்சி சொல்லி முடிக்கும்போது, வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. ஆஜானுபாகுவா ஒருத்தர் இறங்கினார். கையில ஒரு உரப் பை. யாருன்னு எனக்கு அறிமுகமே தேவைப்படல.

மகள் என்னைக் கை காட்டினதும், அவர் என்னையும் தள்ளிக்கிட்டு நேரா உள்ள போய், பையைக் கவுண்டர்ல கவுத்தார். கருகின மிளகுக் கொடி, வேரும் மண்ணுமா, கண்ணாடி அலுமாரியில வைக்கிறதுக்கு எடுத்து வச்சிருந்த புத்தகங்கள் மேலேயே விழுந்துச்சு.

"ஐயோ, புதுப் புத்தகங்கள்!" மிஸ் அலறினாங்க.

"பாருங்க மாஸ்டர்," என்னைக் கையைப் பிடிச்சு இழுத்தார். "நல்லா பாருங்க."

பாத்தேன். சமூகத்தோட வேரைப் பத்தி இருபது கவிதை எழுதியிருக்கேன். நிஜமான ஒரு வேரை இவ்வளவு கிட்டத்துல பாத்தது அன்னிக்குத்தான்.

"மன்னிச்சிடுங்க முதலாளி"ன்னேன். வேற என்ன சொல்ல?

அடிப்பார்னு நினைச்சேன். ஆனா அவர் குரலைத் தாழ்த்தி, வைத்தியர்கிட்ட கேக்கிற மாதிரி கேட்டார்: "போனது போவட்டும். மத்தக் கொடியெல்லாம் இன்னும் உசுரோட ஈக்கி. அடுத்த பக்கத்துல 'மிஞ்சியதற்கு நெருப்பிடு' எண்டு எழுதியீக்கிறீங்க. அதச் செய்யவா, வேணாமா?"

"ஐயோ வேணாம்!" நான் போட்ட சத்தத்துல வாசிப்பு அறையே திரும்பிப் பாத்துச்சு. "நெருப்பு வேணாம்! உப்பு வேணாம்! எதுவுமே வேணாம் முதலாளி! கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாய அதிகாரியைக் கேளுங்க! எனக்கு வீட்டுல கறிவேப்பிலைகூட வளர்க்கத் தெரியாது!"

"அப்ப என்னத்துக்கு எழுதின?" மரியாதை போயிருச்சு.

மகளுக்கு என்மேல கொஞ்சம் இரக்கம் வந்திருக்கணும். "வாப்பா, பாவம், வுடுங்க"ன்னுது. பாவம்! வாசகியா நினைச்ச பிள்ளை வாயால!

மிஸ் தும்புக்கட்டையால மண்ணைத் தள்ளிக்கிட்டே, "சேர், நான் இலக்கியத்துக்கே மாத்திவிடுறன்"னாங்க.

"மாத்தினா போதாது மிஸ்," முதலாளி விடல. "மறுவா ஆரும் எடுத்து ஏமாறக் கூடாது. முதல் பக்கத்துல அவரே எழுதித் தரணும்."

எழுதினேன். 'இந்நூலில் சொல்லப்பட்டுள்ள எதையும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.' கீழ கையெழுத்து. "தேதியும் போடுங்கோ"ன்னாங்க மிஸ். போட்டேன். முதலாளி ரெண்டு தரம் வாசிச்சிட்டு, "இது நல்லா வெளங்குது"ன்னார்.

என் எழுத்துல அவர் பாராட்டின ஒரே வரி அது.

அடுத்த தொகுப்புக்குப் பேர் வச்சாச்சு: 'கவிதைகள்'. அதுக்குக் கீழ, அதைவிடப் பெரிய எழுத்துல: 'செடிகொடிகளுக்கு அல்ல.'