ஒரு வரி கீழே இறங்கிய கர்னல்

தகுவாரி,
மார்ச் 14

பிரியமுள்ள மைத்துனர் தமாசியோவுக்கு,

உன் அக்கா எர்மெலிந்தாவின் கணவனும், தகுவாரி தேசிய நினைவுப் பூங்காவின் காவலனுமான காசிமிரோ அயாலா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். தலைநகரில் நீயும் உன் மனைவி மக்களும் நலமாயிருக்கக் கன்னி மரியாளை வேண்டிக்கொள்கிறேன். பாடநூல் அலுவலகத்தில் உனக்கு ஜன்னலோர நாற்காலி கிடைத்திருப்பதாக அக்கா சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதோடு எப்போதாவது மேசைமேல் கிடப்பதையும் பார்த்திருந்தாயானால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அலுவலகம் போன வருஷம் அச்சடித்த ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏழாம் பாடம், ‘நம் தேசியச் சின்னங்களும் அவை இருக்கும் இடங்களும்’. இடப்பக்கம் சின்னம், வலப்பக்கம் ஊர். அந்த வலப்பக்கம் முழுசும் ஒரு வரி கீழே இறங்கி அச்சாகியிருக்கிறது. அதனால் நாட்டிலுள்ள ஒவ்வொரு சின்னமும் பக்கத்து வரிக்காரனுடைய ஊருக்குக் குடிபோய்விட்டது. பெரிய அருவி, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் வறண்ட சாக்கோவுக்குப் போய்விட்டது. சிறுத்தைகள் வாழும் தேசியப் பூங்கா தலைநகருக்கு வந்துவிட்டது. அங்கே யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்று கேள்வி. எங்கள் கர்னல் பார்போசா, பதினேழு சிப்பாய்களோடு இந்த ஆற்றுத் துறையை இரண்டு நாள் காத்து இங்கேயே உயிரைவிட்டு இங்கேயே கற்சிலையாக நிற்கும் மனுஷன், அறுபது கிலோமீட்டர் தள்ளி சான் ரமோனுக்குப் போய்விட்டார். சான் ரமோன்காரர்கள் அந்தப் போர் நடந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பக்கத்துக்கும் மாடு விற்றார்கள்.

முதலில் நாங்களும் சிரித்தோம். பரீட்சை வந்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் பள்ளிக்கூட ஜன்னலைத் திறந்தால் கர்னலின் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் ‘தகுவாரி’ என்று எழுதின. நாற்பத்தொரு பேருக்கும் தப்பு என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் செஃபெரினா டீச்சர் என்ன பண்ணுவாள், பாவம். “கண்ணுங்களா, பேப்பர்ல சான் ரமோன்னு எழுதுங்க. எழுதி முடிச்சதும் ஜன்னல் வழியா கர்னல்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குங்க” என்று சொல்லிக்கொடுத்தாள். நான் இருபத்தாறு வருஷமாக அவரைத் துடைத்துவருகிறேன், தமாசியோ. அவருடைய காதுக்குள் குளவி கூடு கட்டினால் அது எந்த மாசம் கட்டும் என்றுகூட எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் நிற்கும் இடத்திலேயே அவர் இல்லை என்று பிள்ளைகள் எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் சுற்றுலா பஸ்கள். புத்தகத்தைப் பார்த்து அவையும் சான் ரமோனுக்கே போக ஆரம்பித்தன. அங்கே காட்ட ஒன்றுமில்லை. அந்த ஊர் மேயர் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஓலையால் மூடி, ‘கர்னல் பழுதுபார்ப்பில் இருக்கிறார்’ என்று பலகை வைத்துவிட்டான். ஜனங்கள் அந்தத் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மரியாதையும் செய்துவிட்டுப் போனார்களாம்.

பொறுக்க முடியாமல் ஊர்கூடி மனு எழுதினோம். எழுதியிருக்கவே கூடாது. மனுவைப் படித்த யாரோ வில்யால்பா என்று ஒரு அதிகாரியை அனுப்பிவிட்டார்கள். டை கட்டிய இளைஞன். கொளுத்துற வெயில்ல வந்தான், நான் கொடுத்த குளிர்ந்த தெரெரே மூலிகைத் தண்ணியை உறிஞ்சினான், கர்னலை ஒருதரம் பார்த்தான், புத்தகத்தை ஒருதரம் பார்த்தான்.

“ஐயா, கர்னல் இங்கேதானே நிக்கிறாரு. கண்ணால பாக்குறீங்களே”ன்னேன்.

“பாக்குறேன். ஆனா என் கண்ணுல அரசாங்க முத்திரை இல்லையே. புத்தகத்துல இருக்கு.”

“அவரு செத்த இடம்யா இது.”

“செத்த இடம்னு பாடத்துல கேள்வியே இல்ல. இருக்கும் இடம்னுதான் கேட்டிருக்கு. இங்க பாருங்க பெரியவரே, புத்தகம் எண்பதாயிரம் இருக்கு. கர்னல் ஒருத்தரு. எதைத் திருத்துறது சுலபம்? நீங்களே சொல்லுங்க.”

அவன் நீட்டின காலிக் குவளையை நான் தலையாட்டி வாங்கிக்கிட்டேன். அதை அவன் சம்மதம்னு குறிச்சுக்கிட்டுப் போயிட்டான். யோசிச்சுப் பார்த்தா, அருவியை யாராலயும் தூக்க முடியாது, அதனால அருவிக்காரங்க தப்பிச்சாங்க. எங்க ஆளு ஒன்பதடிக் கல்லு, லாரியில ஏறுவாரு. அதுதான் அவரு செஞ்ச குத்தம்.

போன செவ்வாய்க்கிழமை, ஊரே சாப்பிட்டுப் படுக்கிற மத்தியானம் பார்த்து கிரேனோட வந்துட்டாங்க. நான் ஓடிப்போயி பீடத்துமேல ஏறி கர்னலோட காலைக் கட்டிப்பிடிச்சு உக்காந்துட்டேன். கிரேன் ஓட்டுறவன் நல்ல மரியாதைக்காரன். “பெரியவரே, இறங்குறீங்களா, இல்ல சேர்த்தே கட்டவா?”ன்னு கேட்டான். “சேர்த்தே கட்டு”ன்னேன். அவன் கயிறை எடுத்துட்டு நிஜமாவே வந்தான். அந்த நேரம் பார்த்து உன் அக்கா வேலியோரம் வந்து நின்னு, “சூப் ஆறுது. வீரமரணத்துக்கு வெறும் வயித்தோடயா போவீங்க, சாப்பிட்டுட்டு வந்து சாவுங்க”ன்னா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நாலு கரண்டி குடிச்சிட்டு ஓடி வந்துடலாம்னுதான் இறங்கினேன். மூணாவது கரண்டியில ‘மடார்’னு ஒரு சத்தம்.

பூட்ஸ் வரலை, தமாசியோ. பூட்ஸுக்குள்ள அந்தக் காலத்து ஆளுங்க இரும்பு வச்சு இறுக்கியிருக்காங்க. கணுக்காலுக்கு மேல கர்னல் வானத்துல தொங்குறாரு, கீழ பீடத்துல ரெண்டு பூட்ஸ் தனியா நிக்குது. போற போக்குல அவரோட வாளு மின்கம்பியை அறுத்துட்டுப் போச்சு. ரெண்டு நாள் ஊர்ல கரண்ட் இல்ல. சான் ரமோன்ல காலில்லாதவரை எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம, முழங்கால் வரைக்கும் சிமெண்டுல புதைச்சுட்டாங்க. திறப்பு விழாவுல அந்த மேயர், “கர்னல் எங்கள் மண்ணில் ஆழ வேரூன்றியவர்”னு பேசினானாம். பலமா கைதட்டினாங்களாம்.

இப்போ எனக்கு ஒரு உத்தரவு வந்திருக்கு. காவலன் பதவி சிலையோட சேர்ந்ததாம், வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து நான் சான் ரமோன்ல தங்கி வேலை பார்க்கணுமாம். பூட்ஸுக்குக் காவல் கிடையாதாம், பட்டியல்ல பூட்ஸ் இல்லையாம். நான் இன்னமும் காலையில ஈரத்துணியோட போறேன். பூட்ஸைத் துடைக்க ரெண்டு நிமிஷம்தான் ஆகுது. மிச்ச நேரம் என்ன செய்யறதுன்னு தெரியாம அங்கேயே நிக்கிறேன்.

எனவே மைத்துனரே, அடுத்த பதிப்பில் அந்த வலப்பக்கத்தை ஒரே ஒரு வரி மேலே ஏற்றிவிடு. புத்தகம் திருந்தினால் கர்னல் தானாகத் திரும்பிவிடுவார், எனக்கும் மாற்றல் ரத்தாகும். இது உன்னால் முடியும். உன் அக்காவை அறுபத்தைந்து வயதில் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளும் இந்த ஒரு வாரமாக வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. உள்ளுக்குள் துடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

உன் மனைவிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்கு நல்ல படிப்பு அமையட்டும், முடிந்தால் வேறு புத்தகத்திலிருந்து.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
காசிமிரோ அயாலா

பி.கு: தம்பி, இது அக்கா. கவரை ஒட்டி பஸ்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு அவர் பூட்ஸ் துடைக்கப் போயிருக்கிறார். நீ எதையும் திருத்திவைக்காதே. தேசியச் சின்னத்துக்கு இருநூறு அடிக்குள் துணி உலர்த்தக்கூடாது, அடுப்பு புகையக்கூடாது என்று இவர் போட்ட சட்டத்தில், கர்னலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் ஈரப் பாவாடையைக் கட்டில் தலைமாட்டில் காயப்போட்டவள் நான். இப்போது முற்றத்தில் கொடி கட்டியாச்சு, சிப்பா ரொட்டி சுட மண் அடுப்பும் போட்டாச்சு, வெயில் எவ்வளவு நல்லா அடிக்குது தெரியுமா. இவர் சனிக்கிழமை வந்து ஞாயிறு போனால் போதும். அந்த ஒரு நாளைக்காவது என் முகத்தைப் பார்ப்பார். நீ செய்த உதவியை மறக்கமாட்டேன். ஒரே ஒரு குறைதான். நான் புத்தகத்தில் கர்னலை மட்டும்தானே கொஞ்சம் தள்ளி அச்சடிக்கச் சொன்னேன். மொத்த நாட்டையும் எதுக்குடா தள்ளின?