மூன்றாவது இறகில் குண்டுக் காயம்

வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாத நானூறு பேர், விமானம் விழுந்தால் பிழைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வரிசையில் நின்றார்கள். மண்டபத்து வாசலில் தொடங்கிய வரிசை, பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு பல் மருத்துவமனை வரை போனது. பல் பிடுங்க வந்த ஒருவர் வரிசை மாறி நின்று, அருள் பெற்று, சொத்தைப் பல்லோடு சந்தோஷமாக வீடு திரும்பினார் என்று கேள்வி.

உள்ளே மேடையில் கமாண்டர். நீல உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, தோளில் பட்டை பட்டையாகத் தங்கச் சரிகை. எந்த நாட்டு விமானப்படை என்று கேட்டால், "ராணுவ ரகசியம்" என்பார். அவர் வழங்கும் பொருள், போர் விமானிகள் மார்பில் குத்திக்கொள்ளும் இறக்கைப் பேட்ஜ்.

"விமானம் எரிந்தது! விமானி பிழைத்தார்! ஏன்? இந்த இறக்கை அவர் நெஞ்சில் இருந்தது!"

செத்துப்போன விமானிகளும் அதையேதானே குத்தியிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் செத்துப்போயிருந்தார்கள்.

ஒவ்வொரு பேட்ஜிலும் எதிரியின் குண்டு உரசிய ஒரு தழும்பு. விமானியைக் காத்த இறக்கை நம்மையும் காக்கும். காய்ச்சல், கடன்காரன், மாரடைப்பு எதுவும் அண்டாது. ஒரே ஒரு நிபந்தனை. சிவப்பு வெல்வெட் பைக்குள் வைத்துச் சட்டைக்குள் அணிய வேண்டும். வெளியார் கண் பட்டால் சக்தி இறங்கிவிடும்.

நான் இந்தப் பேட்ஜ்களைச் சேகரிக்கிற பைத்தியம். என்னிடம் அசல் ஒரு கைப்பிடி இருக்கிறது. போலி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. அத்தனையையும் அசல் என்று சத்தியம் பண்ணி வாங்கி வந்தவன் நானேதான். அந்த டப்பாவுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர், 'உங்க மேற்படிப்பு'. ஆகவே ஏமாந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சிரிக்க எனக்கு உரிமை கிடையாது. கொஞ்சம் மெதுவாகத்தான் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பும் அக்காவின் போன் வந்ததும் நின்றது.

"டேய், உங்க அத்தான் ஆபரேஷன் வேணாங்கறாருடா. மாத்திரையையும் நிறுத்திட்டாரு. நெஞ்சுல இறக்கை இருக்காம்."

அத்தானுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி, வியாழக்கிழமைக்குத் தேதியும் கொடுத்திருந்தார். அத்தான் அதைவிடத் தெளிவாக ரத்து செய்திருந்தார்.

அவருக்கு ஜெராக்ஸ் கடை. நான் போனபோது, நகல் எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அந்தப் பேட்ஜைக் கொஞ்சம் காட்டுங்க."

"வெளியாருக்குக் காட்டக் கூடாது மச்சான்."

"நான் வெளியாளா? உங்க கல்யாணத்துல உங்க செருப்பைக் காவல் காத்தவன்."

காட்டினார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். விமானத்தை நானே ஓட்டி வந்து இறக்கியது மாதிரி ஒரு முகபாவத்தோடு பேசத் தொடங்கினேன்.

"அசல்ல ஒவ்வொரு இறகும் கோடு கோடா, கூர்மையா இருக்கும். இதுல பாருங்க, சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கியிருக்கு. பின்னாடி சின்னச் சின்னக் குழி. அச்சுல ஊத்துறப்ப வந்த காத்துக் குமிழி அத்தான் அது. இந்தக் குண்டுக் காயத்தைப் பாருங்க. நிஜமா குண்டு கிழிச்சிருந்தா ஓரம் கையைக் கீறும். இது கொழுகொழுன்னு இருக்கு. காயமும் சேர்ந்தே அச்சுல வந்திருக்கு."

"முடிச்சிட்டியா?"

"இன்னும் பின்னாடி குத்துற ஊசியைப் பத்திச் சொல்லலை."

"மச்சான், உன் டப்பா நிறைய போலி. அந்த வயித்தெரிச்சல்ல பேசுற."

பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டேன். டப்பா உண்மைதானே.

ஒன்று மட்டும் புரிந்தது. என் பூதக்கண்ணாடி எனக்குத்தான் பெரிதாகக் காட்டும். அத்தானுக்கு அவர் கண்ணே காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் அக்காவும் அவரோடு கிளம்பினோம். அத்தான் பூரித்துப்போனார். மச்சான் திருந்திவிட்டானாம்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கமாண்டர் சொற்பொழிவை முடித்து, "ஐயம் உண்டா?" என்றார். இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கேட்டார். நான் பயபக்தியோடு எழுந்தேன்.

"ஐயா, எல்லா இறக்கையும் ஒரே விமானியோடதா?"

"சேச்சே! ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீரனுடையது. வேறு வேறு போர், வேறு வேறு வானம், வேறு வேறு காயம்!"

"எங்க அத்தானோடது எவ்வளவு பெரிய வீரன் தெரியுமா! இடது இறக்கை, மூணாவது இறகுல குண்டு வாங்கியிருக்கான்."

முன்வரிசையில் ஓர் அம்மா திரும்பினார். "இடதா? மூணாவதா? எனக்கும் அங்கதான்."

"எனக்கும்தாங்க," என்றார் பின்னாலிருந்து ஒரு தையல்காரர்.

"அட, என்னோடதும்!"

"நுனியில லேசா வளைஞ்சிருக்குமே?"

"ஆமாமா, வளைஞ்சிருக்கு!"

வெல்வெட் பைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சக்தி இறங்குவதைப் பற்றி அப்போது யாருக்கும் கவலையில்லை. ஒருவர் பேட்ஜை இன்னொருவர் பேட்ஜோடு ஒட்டிப் பார்த்தார்கள்.

கமாண்டர் கையை உயர்த்தினார். "அமைதி! எதிரி... எதிரி ஒருவனே. அவன் குறி அப்படி!"

"அவ்வளவு நல்லாக் குறி பார்க்கிறவன் ஆளைச் சுட மாட்டானா? பேட்ஜையே சுட்டுட்டு இருந்தானா?" என்றார் அந்த அம்மா.

அதற்கும் சிலர் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தார்கள். "எல்லாம் தெய்வீகக் குறி" என்று ஒரு குரல்கூடக் கேட்டது. ஆட்டம் கையை விட்டுப் போகிறதே என்று நான் பூதக்கண்ணாடியைத் தடவினேன். அப்போது பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அத்தான் எழுந்து நின்றார். அவர் பேட்ஜும் தையல்காரர் பேட்ஜும் அவர் உள்ளங்கையில் அக்கம்பக்கமாக இருந்தன.

"என் மெஷின் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு," என்றார் மெதுவாக. "எதை வச்சு எடுத்தாலும், எத்தனை எடுத்தாலும், அதே இடத்துல ஒரு கோடு விழும். கல்யாணப் பத்திரிகையிலயும் விழும், ஜாதகத்துலயும் விழும்." மேடையைப் பார்த்தார். "யோவ் கமாண்டரு, இது ஜெராக்ஸ்யா!"

மண்டபம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. கமாண்டர் வியர்வையைத் துடைக்க அவசரமாகக் கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஒரு மாத்திரை அட்டை வந்து மேடைக்குக் கீழே விழுந்தது. அக்கா போய் எடுத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் சாப்பிட வேண்டிய அதே மாத்திரைல்ல? மாசாமாசம் வாங்குறவளுக்குத் தெரியாதா?"

"அது... சத்து மாத்திரை, தாயே."

"நெஞ்சுக்குத்தான் சத்து. பாதி அட்டை தீர்ந்திருக்கு, ஒழுங்கா வேளைக்குச் சாப்பிடுறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இறக்கை, உங்களுக்கு மாத்திரையா?"

கமாண்டர் பறந்தார். அவர் வாழ்வில் பறந்தது அந்த ஒரு தடவைதான் என்பது என் அபிப்பிராயம். அதுவும் பின்வாசல் வழியாக.

கூட்டம் கலையும்போது முன்வரிசை அம்மா என் சட்டையைப் பிடித்தார். "தம்பி, உங்ககிட்ட அசல் இருக்குன்னு உங்க அத்தான் சொன்னாரே? ஒண்ணு தாங்களேன், புண்ணியமாப் போகும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

"அம்மா, அசலும் யாரையும் காப்பாத்தாது. விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு, பரீட்சையில தேறினவங்களுக்குக் குடுக்கிறது அது. விழுந்தப்ப அவங்களைக் காப்பாத்தினது பாராசூட். அதை யாரோ உக்காந்து யோசிச்சுச் செஞ்சாங்க."

அவர் தன் பேட்ஜை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படியே செய்ய, எனக்கு இரண்டாவது பிஸ்கட் டப்பா தேவைப்பட்டது. என் மனைவி அதற்கு 'முனைவர் பட்டம்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அக்கா டாக்டரிடம் கேட்டு, ரத்து செய்த தேதியையே மறுபடி வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை அத்தானைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் நர்ஸ் கேட்டார், "உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு. மச்சான் கழட்டிட்டான்."

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். நான் அன்று பூராவும் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை என்று பிறகு சொல்லிக் காட்டினாள். மாலையில் கதவு திறந்தது. டாக்டர் சிரித்தார்.

கண் விழித்ததும் அத்தான் என்னை அருகில் கூப்பிட்டார். குரல் நூலாக இருந்தது. "மச்சான், டாக்டர் தன் ரூம் சுவத்துல சர்டிபிகேட் மாட்டியிருக்காரே. கிட்டப் போய்ப் பார்த்தியா? அசல்தானே?"

"அசல்தான் அத்தான்."

"இனிமே எதையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே பார்த்துடணும்," என்று கண்ணை மூடினார்.

அத்தான் இப்போது கடைக்குப் போகிறார். அடுத்த தெருவில் கடற்படை நங்கூரப் பேட்ஜ் விற்க யாரோ வந்திருப்பதாகவும், வரிசை பேக்கரி வரை நீண்டிருப்பதாகவும் நேற்றுச் சொன்னார். போகிறவர்கள் போகட்டும். நெஞ்சில் எதை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளட்டும். கழுத்துக்கு மேலே இருப்பதை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் சரி.