கிதியோனின் குடமும் ராமையா அண்ணையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேதாகமத்து வீரர்களைப் பற்றி நான் கால் மணி நேரம் பேசினால் கேட்பவர்களுக்கு மீசை துடிக்கும். எனக்கு மட்டும் எதுவும் துடிக்காது, நெஞ்சைத் தவிர. (பொழுதுபட்ட பிறகு கிணற்றடிக்குப் போவதென்றால் சங்கீதம் பாடிக்கொண்டுதான் போவேன்.)

எழுபதுகளின் கடைசி. விசுவமடுவில் எங்கள் ஓலைக்கூரைச் சபையின் வாலிபர் சங்கத்துக்கு நான் தலைவன். வயது இருபத்திரண்டு, வாய்க்கு வயது அறுபது.

எங்கள் காணிக்கு அடுத்த காணி ராமையா அண்ணையுடையது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சொந்த மண்ணில் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி தெய்வானை அக்காவும் மட்டும். கச்சான் பிடுங்க ஒரு கிழமை இருக்கும்போது காட்டுப்பன்றி இறங்கத் தொடங்கியது. அதே கிழமை அவருக்கு மலேரியாக் காய்ச்சலும் வந்தது. அந்தக் கச்சான் போனால் இருவரும் மறுபடி யாருடைய தோட்டத்திலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

நான் சும்மா இருப்பேனா? தெய்வானை அக்காவிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. பன்றியைக் கலைக்கிறது எங்கட பொறுப்பு. கிதியோன் எண்டு ஒருத்தர், முந்நூறு பேரோட பெரிய சேனையையே கலைச்சவர்."

"அவரு எங்கங்க தம்பி இருக்காரு? வவுனியாவுலயா?"

"அவர் செத்துக் கனகாலம் அக்கா. ஆனா நாளைக்கு அவற்ற முறையிலதான் வேலை."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கிதியோனின் ஆட்கள் வெறுங்குடத்துக்குள் தீவட்டியை மறைத்துக்கொண்டு எதிரியைச் சத்தமில்லாமல் சுற்றி வளைத்து, ஒரே நேரத்தில் எக்காளம் ஊதிக் குடத்தை உடைத்தார்கள். எங்களிடம் முந்நூறு பேர் இல்லை, ஏழு பேர். குடத்துக்குள் பந்தம் அணைந்துவிடாமல் ஆளுக்கொரு மண்குடத்தில் மூன்று ஓட்டை போட்டோம். கையில் பிடித்தால் சுட்டது, ஆகவே சாக்கை மடித்து வைத்துத் தோளில் ஏற்றினோம். விசுவாசத்தின் அடையாளமாக எல்லோருக்கும் வெள்ளை வேட்டி. எக்காளத்துக்கு எங்கே போவது? மரணவீடுகளில் சங்கு ஊதும் பெரியவரிடம் சங்கை இரவல் கேட்டேன்.

"ஆர் தம்பி மோசம் போனது?" என்று கேட்டார்.

"இன்னும் ஒருத்தரும் இல்லை," என்றேன், பெரிய பகிடியாக.

வாசிக்கிற உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் மூன்று ஓட்டைக் குடம், கூடவே நெருப்பு, சங்கு. சைவச் சனங்களின் சுடலையில் கொள்ளி வைக்கிறவர் பிணத்தைச் சுற்றி வருவது இந்தக் கோலத்தில்தான். எங்கள் சபையில் குடம் உடைக்கும் வழக்கம் இல்லை. என் மண்டையிலும் அந்த நேரம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள், இருட்டத் தொடங்கும் மைமல் நேரம். குளத்திலிருந்து பனிப்புகார் எழும்பி, கச்சான் பாத்தியை மூடி, முழங்காலளவில் நின்றது. சுற்றத் தொடங்கினோம். சுற்றி நடந்தே எரிகோ மதிலை விழுத்திய யோசுவாவையும் கொஞ்சம் கலந்தால் பலம் கூடும் என்று மூன்று சுற்று என்று வைத்திருந்தேன். முதல் சுற்றில் தவளைகள் கத்தின. இரண்டாம் சுற்றில் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. குடத்து ஓட்டைகளால் விழுந்த சிவப்பு வெளிச்சத்தில் முன்னால் போனவனின் முதுகு மட்டும் தெரிந்தது, கால்கள் இல்லை. எட்டாவதாக ஒருவர் எங்களோடு நடப்பது போல எனக்குப் பட்டது. எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மூன்றாம் சுற்று முடிந்தது. சங்கை ஊதினேன். ஏழு குடமும் உடைந்தன. "ஜெயம்!" என்று கத்த வாயைத் திறந்தோம்.

அதற்குள் ராமையா அண்ணையின் வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் நீளமாக எழும்பியது.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டியே, என் ராசாவே!"

பக்கத்தில் நின்ற என் நண்பன் செல்வராசா என் கையைப் பிடித்தான்.

"டேய், அண்ணை போயிட்டார் போல."

"இப்பவே?"

அப்போதுதான் பாத்தியின் நடுவிலிருந்த காவற்கொட்டிலில் வெள்ளையாக ஒன்று மெல்ல எழும்பி உட்கார்ந்தது. தலையிலிருந்து மூடியிருந்தது. எங்கள் பக்கம் திரும்பியது.

"சங்கும் ஊதியாச்சு, கொடமும் ஒடச்சாச்சு," என்றது. "என்னைய எப்பங்க எடுக்கப் போறீங்க?"

பன்றிகள் எங்கே நின்றன, எப்படி ஓடின என்று எனக்குத் தெரியாது, அவற்றை நான் முந்திவிட்டேன். கிதியோனின் சேனை முள்ளுவேலியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. என் வேட்டி வேலியிலேயே தங்கிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். காய்ச்சலோடு ராமையா அண்ணை பின்னேரமே காவலுக்கென்று போய், கொட்டிலில் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அவர் படுத்த இடத்தைச் சுற்றிக் கொள்ளிக்குடம் போவதை வீட்டு வாசலில் நின்று கண்ட தெய்வானை அக்கா, புருஷன் போய்விட்டார் என்று ஒப்பாரி வைத்தார். சங்கையும் ஒப்பாரியையும் ஒன்றாகக் கேட்ட அண்ணை, தான் செத்துவிட்டதாகவே முடிவுகட்டினார்.

அந்தப் போகம் முடியும்வரை பன்றி அந்தப் பக்கம் வரவில்லை. கச்சான் தப்பியது. மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு அண்ணை வறுத்த கச்சான் தந்தார்.

"உசுரோட இருக்கையிலயே எனக்குக் கொடம் ஒடச்சிட்டீங்க தம்பி. இனி நீங்கதான் மகன். போறப்பவும் நீங்கதான்."

சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து வருடத்துக்குப் பிறகு அவர் உண்மையாகவே போனபோது ஆள் அனுப்பினார்கள். சபையில் சிலருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன். தெய்வானை அக்காவே குடத்தை என் தோளில் ஏற்றிவிட்டார். கண்ணீரோடு காதுக்குள் சொன்னார்.

"ஓடிடாதீங்க தம்பி. இந்தத் தடவ அவரு எந்திரிக்க மாட்டாரு."

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. நான் பார்த்தேன். பயத்தில் பார்த்தேன் என்று சொல்லி என் பிள்ளைகள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் மறுப்பதில்லை. ஒரு தடவை எழும்பிய மனுஷன் இன்னொரு தடவையும் எழும்பிவிடமாட்டாரா என்றுதான் பார்த்தேன்.