பறந்தவன் இடுப்பில் கம்பி

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது மாடி எடிட்டிங் அறையில், பறந்துகொண்டிருந்த கதாநாயகனின் இடுப்பில் மெல்லிய கம்பி ஒன்று தெரிந்தது.

ஒருவனுக்குத் திடீரென்று பறக்கும் சக்தி வருகிறது. நண்பன் அதைச் செல்போனில் பிடித்துவிடுகிறான். படம் முழுக்க அந்த வீடியோதான். டைரக்டரே நண்பனாக நடித்து, கேமராவையும் பிடித்திருந்தார். பிடித்ததை 4கே-யில் பிடித்துத் தொலைத்திருந்தார். கதாநாயகனின் முகப்பருவை எண்ணலாம், கம்பியையும்.

வெள்ளிக்கிழமை விநியோகஸ்தர் பார்க்க வருகிறார். எடிட்டருக்கு இது முதல் படம். விலைபோகாவிட்டால் மறுபடியும் கல்யாண வீடியோ வெட்டப் போகவேண்டியதுதான்.

கம்பி தெரிகிற இடத்தை எடிட்டர் மங்கலாக்கினார். கம்பி மறைந்தது, ஆனால் கண்ணாடியில் எண்ணெய் பூசியதுபோல் இருந்தது. இரவு மனைவியிடம் புலம்பினார்.

"நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டு எடுங்க. எங்க அண்ணன் அனுப்புற போட்டோவுல எது யாருன்னே தெரியாது."

போட்டார், இறக்கினார், மறுபடி போட்டார். கட்டம் கட்டமாக உடைந்து, அசல் செல்போன் வீடியோவாகவே வந்துவிட்டது.

மச்சான் அதை எல்லோருக்கும் தட்டிவிட்டார். விடிவதற்குள் பறக்கும் மனிதனைப் பார்க்காத போன் இல்லை. எடிட்டர் பதறிப்போய்க் கூப்பிட்டு, அது சினிமா என்றார்.

"சும்மா இருங்க மாப்ளே. சினிமான்னா இவ்வளவு கேவலமாவா இருக்கும்?"

வேறு வழியின்றி, கம்பி தெரிகிற 4கே காட்சியை வெளியிட்டார். டிவியில் ஒரு நிபுணர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இத்தனை தெளிவாக இருப்பதே சந்தேகத்துக்குரியது, கம்பி கம்ப்யூட்டரில் வரைந்தது என்று தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விநியோகஸ்தர் உட்காரக்கூட இல்லை. நிஜமாக நடந்ததை ஊரே ஓசியில் பார்த்தாகிவிட்டது, டிக்கெட் எடுத்து எவன் வருவான் என்றார். எடிட்டர் ஓடிப்போய், படப்பிடிப்பில் கம்பி கட்டிய ஸ்டண்ட் மாஸ்டரைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினார்.

"சார்கிட்ட சொல்லுங்க மாஸ்டர். அந்தக் கம்பியக் கட்டினது நீங்கதானே?"

விநியோகஸ்தர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எடிட்டருக்கு உயிர் வந்தது.

"நான்தான் சார்," என்றார் மாஸ்டர். "ஒரு முனைய இடுப்புல கட்டிட்டு, மறுமுனைய மாட்டக் கிரேன் எங்கேன்னு பாக்கப் போனேன். திரும்பி வந்தா ஷாட் முடிஞ்சிருச்சுன்னாங்க. கிரேன் மறுநாள்தான் சார் வந்துச்சு."