பட்டினி வரிசைக்குப் பரிமாறிய விவரம்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுக விசாரிப்பு இத்துடன் போதும்.

போன தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "உங்க பொண்ணு இத்தனை வருஷம் படிச்சது செடிக்குத் தண்ணி ஊத்தவா?" என்று கேட்டீர்கள். அன்று துண்டை எடுத்து நீட்டினேன். பதில் இப்போதுதான் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

வண்டியும் ஆலையும் கக்குகிற கரியமில வாயுவை மரம் செடிகள் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும் என்று ஊர் உலகமே நிம்மதியாகத் தூங்குகிறது. உங்க மருமக சொல்றா, அது அரைக் கணக்காம். "அப்பா, உன் கேன்டீன்ல வெறும் சோத்தை மலையாக் குவிச்சு வச்சா ஒருத்தன் எவ்வளவு தின்பான்?" என்று கேட்டாள். "ரெண்டு வாய் தின்பான், அப்புறம் என்னைத் திட்டுவான்" என்றேன். "செடியும் அப்படித்தான்ப்பா. காத்துல எவ்வளவு கிடந்தாலும், மண்ணுல தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லேன்னா அதால எடுத்து வளர முடியாது. தின்னாத மிச்சம் வானத்துலயே நிக்கும், சூடு ஏறும்" என்றாள். முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடிச்ச எனக்கு இது ஒரே நிமிஷத்துல விளங்கிடுச்சு. இதைத்தான் மூணு வருஷமா கண்ணாடிக் கூடத்துல செடி வச்சு நிரூபிச்சுக்கிட்டு இருக்கா. ஆராய்ச்சிப் பட்டமே அதை நம்பித்தான் இருக்கு.

போன மாசம் ஒரு கூட்டத்துல பேச அவளைக் கூப்பிட்டாங்க, பத்து நாள். "தண்ணி மட்டும் ஊத்துப்பா, ரெண்டாவது வரிசைக்கு மட்டும் தினம் ஒரு குவளை உரத்தண்ணி" என்று சாவியை என் கையில கொடுத்துட்டுப் போனா. நானும் போனேன். மச்சான், அங்க நடக்கிற அநியாயத்தை என்னன்னு சொல்றது! ரெண்டாவது வரிசை கொழுகொழுன்னு நிக்குது, முதல் வரிசையில நாப்பது தொட்டியும் மஞ்சளடிச்சு, கூனிக் குறுகி நிக்குது. என் கேன்டீன்ல, கடைசி ஆளுக்கு முதல் கரண்டி விழாம யாருக்கும் ரெண்டாவது கரண்டி கிடையாது, மேனேஜரே வந்து நின்னாலும் கிடையாது. பொண்ணு அவசரத்துல சொல்ல மறந்திருப்பான்னு நினைச்சு நானே முதல் வரிசைக்கும் ஆளுக்கு ஒரு குவளை ஊத்தினேன். மறுநாள் ரெண்டு குவளை. அஞ்சாம் நாள் பச்சை ஏறிடுச்சு, எனக்கு ஆனந்தம் தாங்கலை. அப்பத்தான் காவல்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்ன சார், பட்டினி வரிசை பச்சையா நிக்குது? அதுக்கு உரமே ஆகாதுன்னு பாப்பா தலைபாடா அடிச்சுக்குமே!" என்றாள். மூணு வருஷப் படிப்பை அஞ்சு நாள்ல கரைச்சுட்டேனே! உரத்தைக் கழுவி எடுக்கலாம்னு குழாயைத் திறந்துவிட்டேன், அது இன்னும் ஜோரா நிமிர்ந்துச்சு. உங்க தங்கச்சி தட்டு வச்சா எனக்குச் சோறு இறங்கலை.

அவ திரும்பி வந்ததும் வாசல்லயே எல்லாத்தையும் கொட்டிட்டேன். "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பிச்சா. நான் எங்க பேச விட்டேன்! அதுக்குள்ள அவ பேராசிரியர் வந்துட்டார். கதவு மறைவுல நான் கவனிக்காம விட்ட ஒரே ஒரு தொட்டி மஞ்சளாவே நின்னுது. அதோட இலையில ஒரு கருவியை மாட்டினார், பக்கத்துப் பச்சைச் செடியிலயும் மாட்டினார். பச்சை ரெண்டு மடங்கு வாயுவை இழுக்குதாம். "உரம் இருந்தாத்தான் செடி இழுக்கும்னு அழகாக் காட்டிட்டீங்க சார்" என்று என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மூணு வருஷ வேலையை அஞ்சு நாள்ல முடிச்சவன் உங்க தங்கை புருஷன். இதை உங்க சீட்டாட்டக் கூட்டத்துல சத்தம் போட்டுப் படிக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் பிழை பார்க்க மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அது ஆராய்ச்சி வரிசையே இல்லையாம். கணக்கில் சேராத உபரிச் செடிகளாம். உண்மையான பட்டினி வரிசை பின்னறையில் பூட்டி இருக்கிறதாம். "பசிச்ச ஜீவனை எதிர்ல வச்சுட்டு, நீ தண்ணி மட்டும் ஊத்துவேன்னு நான் நம்புவேனாப்பா?" என்றாள். பேராசிரியருக்கும் தெரியுமாம், காவல்கார அம்மாவுக்குத்தான் தெரியாதாம். அப்படியானால் என்னை எதற்குப் போகச் சொன்னாள் என்று கோபமாகவே கேட்டேன். "நீ ஓய்வாகிக் கேன்டீனை விட்டு வந்து எட்டு மாசமாச்சு. வீட்ல அம்மாவும் நானும் ரெண்டே பேர். உனக்குப் பரிமாற ஆள் பத்தலைப்பா. அதான் நாப்பது பேரை உக்கார வச்சேன்" என்றாள். கவரை ஒட்டாமல் இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தேன், மச்சான். மேலே எழுதியதில் என்னைப் பற்றிய பெருமையை எல்லாம் அடித்துவிடுங்கள். அவளைப் பற்றியதை மட்டும் சத்தம் போட்டுப் படியுங்கள்.