பதினோராம் விதியும் இலவமரத்து வீடுகளும்

ஒரு காட்டில், பட்டுப்போன இலவமரம் ஒன்றில், மரங்கொத்தி ஒன்று வாழ்ந்து வந்தது. அந்த மரங்கொத்தி நான்தான். எனினும், அச்சில் தம்மைப் பற்றித் தாமே எழுதுவோர் பெரும்பாலும் தம்மை அழகாக்கிக் காட்டுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே 'அது' என்றே எழுதிச் செல்கிறேன்.

அது பள்ளிக்குச் சென்றதில்லை. சுற்றுலாக்காரர்கள் வடை சுற்றி எறிந்த தாள்களைப் படித்தே எழுத்தறிவு பெற்றது. எண்ணெய் படிந்து எழுத்து மறைந்த இடங்களைத் தன் சொந்த அறிவால் நிரப்பிக்கொண்டது. இதுவே அதன் பெருமை. இக்கதை நிகழ்ந்ததற்கும் இதுவே காரணம்.

அம்மரத்தில் அது மூன்று பொந்துகள் குடைந்திருந்தது. ஒன்றில் தான் குடியிருந்தது. மற்றொன்றைச் செங்கமலம் என்னும் மைனாவுக்கும் அவள் கணவனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தது. மூன்றாவது, இளமையில் முதன்முதலாகக் குடைந்தது. வாய் குறுகி, உள்ளே கோணலாக வளைந்து, காண்போர் சிரிக்கும்படி இருந்தது. அதன்மேல் ஒரு கொடியைப் படரவிட்டு மறைத்து வைத்திருந்தது.

வாடகை எளியது. பொந்து குடையும் கலை பற்றி மரங்கொத்தி ஆற்றும் சொற்பொழிவை நாள்தோறும் மாலையில் ஒரு நாழிகை கேட்க வேண்டும். "முன்னாடி இருந்த கிளி ஏன் காலி பண்ணுச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்று செங்கமலம் தன் கணவனிடம் கூறியதாகத் தெரிகிறது.

இந்நிலையில் வனப் பேரவை ஓர் ஆணை பிறப்பித்தது. வீட்டை வாடகைக்கு விடுவோர் யாவரும் பௌர்ணமிக்குள் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாத வீட்டில் குடியிருப்போர் வெளியேற்றப்படுவர். பௌர்ணமிக்கு எட்டு நாட்களே இருந்தன. செங்கமலம் முட்டையிடவும் ஏறக்குறைய அத்தனை நாட்களே.

"ஐயா, உரிமம் வந்துரும்ல? முட்டைய வச்சுக்கிட்டு நான் வீடு தேடி அலைய முடியாது."

"அஞ்சற்க. விதிகளைப் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நீ குடியிருக்கிறாய்."

"அதான் ஐயா பயமா இருக்கு."

உரிம அலுவலகத்தின் எழுத்தர் ஓர் உடும்பு. கைக்கு வந்த தாளை விடுவதே இல்லை என்னும் தகுதியால் அப்பதவி பெற்றவர். வரிசையில் முன்னால் நின்ற கறையான், "புத்து என்னோடதுன்னு குடியிருக்கிற பாம்புகிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமாம்" என்று மூக்கை உறிஞ்சியபடி திரும்பிச் சென்றது.

"எத்தனை வீடு, பெரியவரே?" என்றார் உடும்பு.

"இரண்டு. ஒன்றில் நான் இருக்கிறேன்."

"ஒரே மரம்னா ரெண்டுக்கும் உரிமம் வேணும். மூணு பொந்துன்னு கேள்விப்பட்டேனே?"

"மூன்றாவது வீடன்று. பிழை."

"பிழைக்குப் படிவம் கிடையாது. ரெண்டுன்னே போடுங்க."

விதித்தாளில் உடும்பின் பகலுணவு எண்ணெய் படிந்திருந்தது. எனினும் பதினோராம் விதி தெளிவாகத் தெரிந்தது: 'வீட்டின் வாயில், ஆய்வாளர் தடையின்றி உள்ளே சென்று, படுத்து, திரும்பிப் பார்க்கும் அளவினதாக இருத்தல் வேண்டும்.' ஆய்வாளராக இருந்தவர் மரநாய். பறவைகளின் இல்லங்களில் நீண்ட அனுபவம் உடையவர்.

மரங்கொத்தி ஐந்து நாள் ஓயாது கொத்தி இரு வாயில்களையும் அகலமாக்கியது. செங்கமலம் வந்து பார்த்தாள்.

"இந்த வாசல் எனக்கா, ஆய்வாளருக்கா?"

"சட்டத்திற்கு."

"சட்டம் முட்டை தின்னுமா, ஐயா?"

"அது பற்றி விதிகளில் ஏதும் காணப்படவில்லை."

அவள் கணவனோடு அன்றே காலி செய்தாள். எவ்வளவு நன்றிகெட்ட குடித்தனம் என்று மரங்கொத்தி வருந்தியது.

பௌர்ணமியன்று அந்தியில் ஆய்வாளர் வந்தார். உள்ளே சென்றார், படுத்தார், திரும்பினார்.

"ரொம்ப வசதி. குடியிருக்கிறவங்க எங்க?"

"காலி செய்துவிட்டனர்."

"முட்டை கிட்டை?"

"இல்லை."

ஆய்வாளரின் முகம் வாடியது. ஆயினும் நேர்மையானவர், உரிமத்தை வழங்கினார். பின்பு அங்கேயே மறுபடியும் படுத்துக்கொண்டார். உரிமம் பெற்ற வீட்டைக் காலியாக வைத்திருக்கலாகாது என்பது பன்னிரண்டாம் விதியாம். எண்ணெய் அந்த இடத்தில்தான் படிந்திருந்தது.

மறுநாள் அவருடைய மைத்துனர், மரங்கொத்தி குடியிருந்த மற்றப் பொந்தைப் பார்க்க வந்தார். "நீங்களும் இருங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றார். ஆனால் அவருடன் ஒரே அறையில் உறங்கும் துணிவு மரங்கொத்திக்கு இல்லை.

மழை தொடங்கியது. உரிமத்தைத் தலைமேல் பிடித்தபடி மரங்கொத்தி ஒரு கிளையில் நனைந்திருந்தது. அப்போது கொடியின் பின்னாலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. விலக்கிப் பார்த்தால், அந்தக் கோணல் பொந்தில் செங்கமலம் நான்கு முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தாள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பொந்து ஆகையால், அவளை வெளியேற்ற எவரும் வரவில்லை. ஆய்வாளர் மட்டும் இருமுறை முயன்று, மூக்குக்கு மேல் நுழையாததால், "இதெல்லாம் ஒரு வீடா" என்று திட்டிவிட்டுச் சென்றிருந்தார்.

"செங்கமலம், உள்ளே ஓரமாக இடம் உண்டா?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் ஒடுங்கலாம் ஐயா. ஆனா வாடகை உண்டு."

"என்ன வாடகை?"

"சாயந்தரம் நான் பேசுவேன். நீங்க கேக்கணும்."

மைனா எவ்வளவு பேசும் என்பதை நான் கூற வேண்டியதில்லை. தற்போது அவள் தன் முந்தைய வீட்டுக்காரரின் குணநலன்களைப் பற்றிப் பேசி வருகிறாள். இன்று பதினேழாம் நாள். இன்னும் அவருடைய கொண்டையைத் தாண்டவில்லை.

நீதி: உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பு, விண்ணப்பத்தில் எழுத வெட்கப்படும்படியான வீடு ஒன்றையாவது கட்டி வைத்துக்கொள்ளுதல் நலம்.