உயிரோடு ஓர் இரங்கல் கூட்டம்

லிஃப்ட் மெக்கானிக் அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு மாபெரும் தீர்மானத்தோடுதான். கூட வேலை பார்த்த பெரியவருக்கு இரங்கல் கூட்டம் நடத்திவிட்டு வந்திருந்தார். அந்த மனுஷனுக்கு ஒரு டீ வாங்கித் தராதவர்கள்கூட மைக்கைப் பிடித்து மூக்கைச் சிந்தினார்கள். கேட்டு மகிழ வேண்டிய ஆளோ, சட்டத்துக்குள் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு புகழ்ச்சியும் வீணாப் போச்சு. என் இரங்கல் கூட்டத்தை நான் இருக்கும்போதே வச்சுடலாம்" என்றார் மனைவியிடம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் சட்டென்று தலையாட்டாத மனைவி, இதற்கு ஆட்டினாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இறந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கூட்டத்துக்கே மரியாதை இருக்காதாம். நியாயம்தானே என்று ஒத்துக்கொண்டார்.

நல்ல மனுஷர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், வேலை முடியும்வரை வெளியே நின்று ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பார். கதவைத் திறந்த பிறகும் ஜோக்கின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளேயிருப்பவர்கள் வெளியே வருவார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. வீட்டுச் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். மனைவியிடம், "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்பார். அப்படிப் போன எதுவும் குணமாகித் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் மனைவியின் அண்ணன். இறந்தவர் சுவரோரம் உட்கார்ந்து, படத்துக்கு ஏற்ற மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் மகள் பேசினாள். பள்ளி நாடகத்தில் தான் மரமாக நின்றதையும், ஒரு வசனம்கூட இல்லாத அந்த மரத்துக்கு அப்பா ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டியதையும் சொன்னாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. தீர்மானம் எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து குடியிருப்பின் காவலாளி வந்தார், கையில் மேஜை மின்விசிறியோடு. மெக்கானிக்கின் சிரிப்பு சட்டத்தை விட்டு நழுவியது. ஐயா கொடுத்ததைக் கையோடு கொண்டுவந்து காட்டிப் பேசும்படி அம்மாதான் சொன்னார்கள் என்று விளக்கிவிட்டு, காவலாளி விசிறியைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்து, கீழ்வீட்டுப் பெண்ணின் தையல் மிஷினை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்ததாக அந்தப் பெண் சொன்னபோது கூடமே மூக்கை உறிஞ்சியது. லிஃப்டில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் பலரைத் தூக்கிவிட்டவர் என்று யாரோ சொல்ல, கைதட்டல்.

கடைசியாக சலூன்காரர் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு எழுந்தார்.

முன்வரிசை அசைந்தது. "இது உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த கடிகாரமாச்சே?" என்றார் அண்ணன்.

"அதேதான் அண்ணா. ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னார். நானும் நம்பிட்டேன்" என்றாள் மனைவி, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே.

இறந்தவர் வாயைத் திறந்தார். மனைவி உதட்டில் விரலை வைத்தாள். மூடிக்கொண்டார்.

போனவரைத் திட்டக் கூடாது என்பதால் பேசாமல் போவதாகச் சொல்லி அண்ணன் செருப்பை மாட்டினார். தங்கையின் பொறுமையை மட்டும் வாசலில் நின்று வெகுநேரம் பாராட்டினார்.

எல்லோரும் சாமான்களோடு கிளம்பினார்கள். சலூன்காரரின் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கும் கீழே இறங்கினார். படியில் வைத்துதான் சலூன்காரர் அந்தக் குண்டைப் போட்டார். கடையில் கடிகாரம் இல்லையென்று ஐயாவிடம் லேசாகப் புலம்பினாலே போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று அம்மாதான் அப்போது அனுப்பிவைத்தார்களாம். காவலாளியையும் கீழ்வீட்டுப் பெண்ணையும் அனுப்பியதுகூட அம்மாதானாம்.

மெக்கானிக் மேலே வந்தபோது மனைவி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டார். அவள் மறைக்கவில்லை. அந்த மின்விசிறியின் சத்தத்தில் அவளுக்குத் தலைவலி, ஆனால் ராத்திரி அது ஓடினால் காவலில் இருக்கும் காவலாளிக்குத் தூக்கம் வராது. மணிக்கு மணி அலறும் கடிகாரம், சலூனில் பேப்பரோடு தூங்குகிறவர்களை எழுப்பிவிடும். தையல் மிஷினில் அவள் துணி தைத்ததைவிட, மடித்த துணியைப் போட்டு வைத்ததுதான் அதிகம். அண்ணன் கொடுத்த கடிகாரத்தைத் தங்கையே தள்ளிவிட முடியுமா? இனி அது எங்கே என்று அண்ணனும் அவளைக் கேட்க மாட்டார். இல்லாதவர்களுக்கு நேரே கொடுத்தால் கூச்சப்படுவார்கள். யாருக்கு எது ஆகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பினாளாம்.

அவர் ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தார். "அப்போ இத்தனை வருஷமா நல்லவன்னு பேர் வாங்கினது?"

"நீங்கதான். எனக்கு யோசனை வரும். ஆனா உங்களை மாதிரி சிரிச்ச முகமா, வாங்கறவங்க தலை குனியாம குடுக்க எனக்கு வராது. அதுக்கு நீங்கதான் வேணும்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மைக் இல்லாத அந்தப் பேச்சுதான் அன்றைக்குச் சிறந்தது என்று தோன்றியது. மெள்ளப் போய்த் தன் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார்.

"நல்லா சாஞ்சுக்கோங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்குக் காலையில மாடி வீட்டு வாத்தியார் முதுகு வலின்னு வருவார். அந்த நாற்காலியைக் குடுக்கறப்போ முகத்தை மட்டும் இதே மாதிரி வச்சுக்கோங்க."